சின்சில்லாவின் ரோமத்தைக் கடித்தது யார்?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் சின்சில்லா என்ற அடர்ரோமக் கொறிவிலங்கு இரண்டு, இரண்டும் பெண், ஒரே கூண்டு. ஒன்றின் பிடரியிலும் தோள்பட்டை நடுவிலும் ரோமம் பூச்சி அரித்தாற்போல் குட்டையாகி, அந்த இடம் மட்டும் கருஞ்சாம்பலாகத் தெரிகிறதாம். மற்றொன்று பளபளவென்று இருக்கிறது. மாமியார் திருஷ்டி என்று கறுப்புக் கயிறு கட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். "எது சரி சார்?"

இரண்டுமே வேண்டாம். கயிறு எப்படியும் பல்லில் மாட்டும். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் அந்த அடர்ந்த ரோமத்தைச் சிக்காக்கும், நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். திருஷ்டி கழித்துக்கொண்டு வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாத உயிர் அது.

சின்சில்லா, சிலி நாட்டு ஆண்டீஸ் மலையின் கொறிவிலங்கு. நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றிரண்டு முடி முளைத்தால், அதற்கு ஐம்பது, அறுபது. அந்த மென்மைக்காகவே வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் 11 சின்சில்லாக்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். பண்ணை வளர்ப்பு அங்கே அப்படித்தான் தொடங்கியது.

இனி அந்தக் கருஞ்சாம்பல் திட்டுக்கு வருவோம். நோயோ அழுக்கோ என்று பயப்பட வேண்டாம். அந்த நிறம் முன்பே அங்கே இருந்ததுதான். வழக்கமான சாம்பல் நிறச் சின்சில்லாவின் ஒரே ஒரு முடியை வெள்ளைத்தாளில் வைத்து லென்ஸில் பாருங்கள். நுனி கறுப்பு, அதன்கீழ் ஒரு வெள்ளைப் பட்டை, அப்புறம் அடிவரை நீளமாகக் கருஞ்சாம்பல். ஒரே முடியில் மூன்று நிறம் எப்படி?

முடி அடியில்தான் வளரும். மயிர்க்காலின் அடியில் செல்கள் பெருகி, கெரட்டின் புரதம் நிரம்பி, இறுகி, மேலே தள்ளப்படுகின்றன. முறுக்கு அச்சில் முதலில் வெளிவந்த மாவு போல, நுனிதான் முதலில் பிறந்த பகுதி. அங்கேயே இருக்கும் நிறமிச் செல்கள் ஒரு ஹார்மோனின் ஏவலில் கறுப்பு நிறமியைச் சுரந்துகொண்டிருக்கின்றன. வளர்ச்சியின் நடுவே மயிர்க்காலின் வேறு சில செல்கள் அகூட்டி என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. அது நிறமிச் செல்லின் ஏற்பியில், அதாவது ஹார்மோனின் ஏவலை வாங்கும் இடத்தில், போய் உட்கார்ந்து அந்த ஏவலைத் தடுத்துவிடுகிறது. கறுப்பு நிற்கிறது, அப்போது வளர்ந்த பகுதி வெளுத்துப் பட்டையாகிறது. அகூட்டி சுரப்பு நின்றதும் மறுபடி கருமை. ஒரு சுரப்பு எப்போது தொடங்கி எப்போது நின்றது என்ற வரலாறு முழுவதும் ஒவ்வொரு முடியிலும் பதிந்திருக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத சங்கதி இது.

பல் பட்டு மேல்பகுதி துண்டானால் கறுப்பு நுனியும் வெள்ளைப் பட்டையும் போய்விடும், மிச்சம் அடிச்சாம்பல். பயத்தில் கொத்தாக ரோமத்தை உதிர்த்திருந்தால் தோல் வழுவழுவென்று தெரியும். படர்தாமரையாக இருந்தால் மூக்கு, கண், காது ஓரங்களில் செதிலோடு சொட்டை விழும். வெட்டுப்பட்ட முடியின் குட்டைக்கட்டை நின்றால் அது கடி.

கடித்தது யார்? விலா, இடுப்பு, முன்கால் என்றால் தன் வாய்க்கே எட்டும். பிடரிக்கும் தலைக்கும் எட்டாது. காட்பாடிச் சின்சில்லாவின் பிடரியைக் கடித்தது கூண்டுத்தோழிதான். விலாவில் மட்டும் கடி இருக்கும் வீடுகளில் நடுவே கம்பிவலை வைத்துச் சில வாரம் பாருங்கள். பிறகும் புதிதாக வெட்டுப்பட்டால், அது தானே தன்னைக் கடித்துக்கொள்கிறது.

"சத்துக் குறைவு, அதனால் முடியைத் தின்கிறது" என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. கெரட்டினைக் கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டியிருக்கின்றன. இராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடையும் சேர்ப்பது அந்தப் பிணைப்பை உடைக்கத்தான். சின்சில்லாவின் குடலுக்கு அந்த வேலை ஆகாது. ஆனால் நார் குறைந்த தீனிக்குப் பங்கு உண்டு. காட்டில் காய்ந்த புல்லை மணிக்கணக்கில் மெல்லப் பிறந்த வாய்க்கு, நிமிடங்களில் தீரும் வில்லைத் தீனி (பெல்லட்) போதாது. இடநெருக்கடி, சத்தம், ஒதுங்க இடமில்லாமை, பரம்பரை எல்லாம் சேரும். கடுமையாகக் கடிக்கும் பெண் சின்சில்லாக்களின் சிறுநீரில் மன அழுத்த ஹார்மோனின் கழிவு அதிகமாக இருந்ததை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகளுக்குப் பெரிய உந்துதல் ரோம வியாபாரம். கடிபட்ட தோல் விலைபோகாது என்ற கவலை. விலங்கின் மனநலத்தை அதற்காகவே ஆராய நம் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு செல்லப்பிராணி பெருகிவிட்ட காலத்தில் இது ஆடம்பரச் செலவே இல்லை.

வேலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இதற்கோ 20-ஐ ஒட்டி இருந்தால்தான் சுகம், 28-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வியர்க்காத உடம்பு, பெரிய காதுகள் வழியாகத்தான் சூட்டைத் தள்ளுகிறது. காது சிவந்தால் உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். ரோமம் குறைந்தால் வெயிலுக்கு நல்லதுதானே என்று கடியை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏசி இல்லாத, கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு இல்லாத வீட்டில் இதை வளர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

காட்பாடி அம்மாவுக்கு: முதலில் மருத்துவரிடம் காட்டிப் பல்லையும் தோலையும் பார்க்கச் சொல்லுங்கள். கூண்டைக் கம்பிவலையால் பிரித்து, இரு பக்கமும் தனித்தனிப் புல்தொட்டி, ஒளிய ஒரு பெட்டி, புரண்டு ரோமத்தைச் சுத்தம் செய்துகொள்ள நுண்மண் போட்ட மண்குளியல் கிண்ணம் வையுங்கள். வாரம் ஒருமுறை பிடரியில் மெல்ல ஊதிப் பாருங்கள். குட்டைக்கட்டைகளுக்கு நடுவே கூரிய கறுப்பு நுனியோடு புது முடி எழுந்தால் கடி நின்றிருக்கிறது. வெள்ளைப் பட்டை மேலே வரச் சில மாதமாகும். அதுவரை இரண்டையும் சேர்த்துவிட வேண்டாம்.