ராகி அழிந்த பின் பஹணியைத் தேடாதீர்கள்

ஆனேக்கல், ஹொசகோட்டே, மாலூர் பக்கம் நிலமும் பெங்களூரில் குடியிருப்புமாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பயிர்ச் சேத நிவாரணம் கிடைக்காமல் போவது, சேதம் இல்லாததால் அன்று, காகிதம் சரியில்லாததால்தான்.

விதி சிறியது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-23 முதல் 2025-26 வரை வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, விளைச்சலில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதமானால், ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாயும், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாயும், அதிகபட்சம் 2 ஹெக்டேர் வரை தரப்படும். மானாவாரி ராகிக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 3,440 ரூபாய். உழவுக்கும் விதைக்கும் ஆன செலவைக்கூட அது ஈடுகட்டுமா என்பது சந்தேகமே. மாநில அரசு சில ஆண்டுகளில் தன் பங்கையும் சேர்க்கும். 2025 மழைச் சேதத்துக்குக் கர்நாடகம் ஹெக்டேருக்கு மேலும் 8,500 ரூபாய் அறிவித்தது.

சிக்கல் பஹணியில், அதாவது நில உரிமையையும் பயிரையும் காட்டும் வருவாய்ப் பதிவேட்டில், தொடங்குகிறது. தாத்தா இறந்து இருபது ஆண்டுகள் ஆகியும் பஹணி அவர் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். பணம் பஹணியில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும் என்பதால், இறப்புச் சான்றிதழும் வம்சாவளிச் சான்றும் வைத்துப் பவுதி கதாவுக்கு, அதாவது இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்குப் பதிவை மாற்ற, இப்போதே மனுச் செய்யுங்கள். அதற்கு ‘நாடகச்சேரி’ எனப்படும் உள்ளூர் வருவாய் அலுவலகத்துக்கு எத்தனை நடை என்று என்னைக் கேட்காதீர்கள். மனுக் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்காதவர் மறுபடியும் முதலிலிருந்து நடப்பார்.

அடுத்தது நமக்கே உரிய தொல்லை. ஆதாரில் முன்னெழுத்தோடு ‘மு. முனுசாமி’ என்றும், பஹணியில் கன்னட எழுத்தில் ‘முனிஸ்வாமி’ என்றும் இருந்தால், கர்நாடக அரசு விவசாயிகளைப் பதியும் ஃபுரூட்ஸ் தளத்தின் எஃப்.ஐ.டி. எண்ணோடு (விவசாயி அடையாள எண்) நிலத்தை இணைக்கும்போதே தடங்கல் வரும். எஃப்.ஐ.டி. இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்துவிடாமல், உங்கள் சர்வே எண்கள் அனைத்தும் அதில் ஏறியுள்ளனவா என்று பாருங்கள். விடுபட்ட எண்ணுக்கு நிவாரணம் இல்லை.

பயிர்க் கணக்கெடுப்புக்கு ஆள் வந்த நாளில் நீங்கள் நகரத்தில் வேலையில் இருந்திருப்பீர்கள். ராகி நின்ற நிலம் தரிசு என்றோ நீலகிரித் தோப்பு என்றோ பதிவாகியிருந்தால், வெள்ளம் வந்தபின் வாதாடிப் பெரும்பாலும் பயனில்லை. பயிர்க் கணக்கெடுப்பைக் காட்டும் அரசின் ‘பெளெ தர்ஷக்’ செயலியில் பதிவைப் பார்த்து, தவறிருந்தால் அந்தப் பருவத்திலேயே ஆட்சேபம் தெரிவியுங்கள்.

பணம் எந்த வங்கிக்குப் போனது என்பது தனிக் கதை. நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அன்று, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே அது போகும். என்றோ திறந்து மறந்துபோன கணக்காகவும் அது இருக்கலாம். 2024-இல் வறட்சி நிவாரணத்தைச் சில வங்கிகள் பயிர்க்கடனில் வரவு வைத்தன. அப்படிச் செய்யக்கூடாது என்று மாநில அரசு அறிவுறுத்த வேண்டியிருந்தது. உங்களுக்கும் நேர்ந்தால் மேலாளரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

குத்தகைக்கு உழுபவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. நட்டம் அவருடையது, பணம் நிலக்காரருடையது. விதைக்கும் முன்பே, நிவாரணம் வந்தால் யாருக்கு என்று நிலக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றே வழி.

நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஓராயிரம் கேட்கும் தரகருக்குக் கொடுக்காதீர்கள். வருவாய், வேளாண், தோட்டக்கலைத் துறையினர் சேர்ந்து பார்த்துப் பட்டியலிடுவதில் அவருக்கு வேலையே இல்லை. அந்தப் பட்டியலில் உங்கள் சர்வே எண் ஏறியுள்ளதா என்பதைக் கிராம நிர்வாக அதிகாரியிடம் நேரில் கேட்டு, இல்லையென்றால் அன்றே தேதியிட்ட மனுவும் வயலின் படமும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.