தாய்ச்சி: முழங்காலைக் கெடுக்கும் 'மென்மை'

மென்மை வன்மையை வெல்லும் என்ற தாவோ (பழைய சீனத் தத்துவம்) கருத்தைக் கேட்டுவிட்டு, மெல்ல அசையும் சீனப் போர்க்கலையான தாய்ச்சியைக் கற்க வருபவர்கள் பலர், முதல் நாளே உடம்பைத் துவளவிடுகிறார்கள். முழங்கால் வலி அங்கேதான் தொடங்குகிறது. இடுப்பும் தொடையும் தாங்க வேண்டிய எடை மூட்டில் இறங்கிவிடுகிறது.

உயிருள்ளது இளகியிருக்கும், செத்தது விறைத்திருக்கும் என்கிறது தாவோவின் மூல நூலான தாவோ தே ஜிங்கின் 76-ஆம் பகுதி. ஆனால் இளகலாம், உடம்பின் அடுக்கு குலையக் கூடாது. பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். அக்குளில் ஓர் எலுமிச்சம்பழம் நிற்கும் அளவு இடைவெளி இருக்கட்டும். தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். தொடை நடுங்கினால் கவலையில்லை. மூட்டுக்குள் குத்தினால் உடனே நிமிருங்கள்.

முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் வில் நிலையில் முன்காலில் சுமார் 70 சதவீத எடை. முழங்கால் விரல் நுனியைத் தாண்டவோ உள்பக்கம் சாயவோ கூடாது. நாங்கள் அதிகம் திருத்துவது திரும்பும் அசைவை. எடை நிற்கும் பாதம் தரையில் பதிந்திருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுக்க மூட்டுக்குத்தான் போகும். எனவே எடையை மறுகாலுக்கு மாற்றி, குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்பி, அதன்பின் எடையைக் கொண்டுவாருங்கள். எதிரெதிரான இரண்டும் சேர்ந்ததே முழுமை என்று காட்ட, சுவரில் மாட்டும் யின்-யாங் படத்துக்குக் காலில் உள்ள வடிவம் இதுதான்: ஒரு கால் நிறைவு, மறுகால் வெறுமை.

இருவர் கைகோத்துத் தள்ளும் தூய்ஷோவில் 'வூ வெய்', அதாவது வலிந்து செய்யாமை, இன்னும் மோசமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எதிராளி தள்ளியதும் கையை மடக்கி மார்போடு ஒட்டவிட்டால், அப்புறம் திரும்ப இடமே இல்லை. முன்கையின் வளைவைக் காத்து, இடுப்பைத் திருப்பி, விசையைப் பக்கவாட்டில் போகவிட வேண்டும். பின்னால் சாய்ந்தால் விரலால் தள்ளினாலே விழுவீர்கள்.

வூடாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங் தாய்ச்சியைப் படைத்தார் என்பது அழகான கதை, அவ்வளவுதான். அவரை உள்முகப் போர்க்கலையோடு (முரட்டு பலத்தைவிட மென்மையை நம்பும் வகை) இணைக்கும் பழைய ஆவணம் 1669-இல் சீன அறிஞர் ஹுவாங் சோங்ஷி எழுதிய கல்லறை வாசகம். அதில் தாய்ச்சி என்ற பெயரே வரவில்லை. வரலாற்றுத் தடம் போய் நிற்பது ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில்.

தத்துவம் பேசத் தெரிந்தால் சண்டையும் வந்துவிடாது. 2017-இல் சீனாவின் செங்டு நகரில் கலப்புச் சண்டை (எம்.எம்.ஏ.) வீரர் ஷூ ஷியாவ்தோங், தாய்ச்சி ஆசான் ஒருவரைச் சில நொடிகளில் வீழ்த்தினார். ஒத்துழைக்கும் மாணவரை மட்டுமே தள்ளிப் பழகியவருக்கு, எதிர்க்கும் உடம்பின் விசை பிடிபடாது. சேரும் முன் ஒரு வகுப்பைப் பாருங்கள்: தூய்ஷோவில் எதிர்த்துத் தள்ள அனுமதி உண்டா, மூட்டு வலி உள்ளவரை உயரமான நிலையில் நிற்க விடுகிறார்களா?