பனியாறு: பாறை என்று பெயர் வைத்து நாம் நிறுத்திவிட்ட ஆறு

1966 ஜனவரி 24. பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் இறந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அவர்களில் ஒருவர். சிதறிக் கிடந்தவற்றையெல்லாம் பனி மூடிக்கொண்டது. 46 ஆண்டுகள் கழித்து, 2012இல், சிகரத்துக்கு வெகு கீழே, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக அஞ்சல் பை ஒன்று கிடைத்தது. 2020இல் அதே மலைச்சரிவில் ஒரு கட்டு இந்திய நாளிதழ்கள் வெளிப்பட்டன. இந்திரா காந்தி பிரதமராகும் செய்தி, ஈரத்தோடு ஈரமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி இருந்தது.

யாரும் எடுத்துவந்து போடவில்லை. மலைச்சரிவில் மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டித் திரள், போசோன் என்ற பனியாறுதான் அரை நூற்றாண்டாகச் சுமந்து வந்து இறக்கியது.

இதைத் தமிழில் சொல்லும்போது நம்மில் பெரும்பாலோர் 'பனிப்பாறை' என்றுதான் சொல்கிறோம். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் அந்தச் சொல்தான் ஓடுகிறது. பாறை என்றால் கிடந்த இடத்தில் கிடப்பது. அது எப்படி அஞ்சல் பையைக் கீழே கொண்டுவரும்? பள்ளிப் புவியியல் புத்தகம் நமக்குக் கற்றுக்கொடுத்த சொல் வேறு: பனியாறு. தேர்வு முடிந்ததும் அதைப் புத்தகத்தோடு மூடிவைத்துவிட்டோம். அந்தச் சொல்லைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

முதலில் மூலச்சொல். பனியாற்றுக்கான ஆங்கிலச் சொல் கிளேசியர் என்பதன் வேர் லத்தீனின் 'கிளாசியேஸ்', அதாவது பனிக்கட்டி. அது பிரெஞ்சில் 'கிளாஸ்' ஆனது. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் பேச்சுவழியாக ஆங்கிலத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 1741இல் பிரான்சின் சாமனிப் பள்ளத்தாக்குக்குப் போன வில்லியம் விண்டம் என்ற ஆங்கிலேயர், தான் பார்த்ததைப் பற்றி 1744இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெருங்காற்றில் கொந்தளித்த ஏரி சட்டென்று அப்படியே உறைந்துபோனது போல இருந்தது என்று அதில் வருணிக்கிறார். இன்றும் அங்குள்ள பெரிய பனியாற்றின் பெயர் 'மேர் தெ கிலாஸ்', பனிக்கடல். அழகான பெயர்தான். ஆனால் லத்தீன் வேரிலும் சரி, இந்தப் பெயரிலும் சரி, 'நகர்கிறது' என்ற பொருள் துளிகூட இல்லை.

அதைச் சொல்வது ஆசிய மொழிகள். சீனமும் ஜப்பானியமும் 'பனிக்கட்டி ஆறு' என்றே பெயரிட்டிருக்கின்றன. கன்னடத்தில் ஹிமநதி, தெலுங்கில் ஹிமானீநதம். தமிழில் பனியாறு. கலைச்சொல் என்றாலே மூலத்தைவிட ஒரு படி கீழே இருக்கும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே தமிழ்ச்சொல்தான் மூலத்தைவிட உண்மையானது.

இனி சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பனி என்றவுடன் நமக்கு மார்கழி விடியலில் வாழையிலையில் நிற்கும் துளி நினைவுக்கு வரும். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கே பெயர் வைத்தவர்கள் நாம். 'தமிழ்நாட்டுக்காரனுக்குப் பனி என்றால் துளிதானே, வடக்கே மலைமேல் கிடப்பதற்கும் அதே சொல்லா?' என்று கேட்பவர்கள் உண்டு. புறநானூற்றின் 6ஆம் பாட்டு 'வடாஅது பனிபடு நெடுவரை' என்று இமயத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. துளியையும் மலைமேல் படிந்து கிடப்பதையும் ஒரே சொல்லால் சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது. நடுங்குவதற்கும் 'பனித்தல்' என்றே பெயர். ஆறு என்பதற்கோ நீர் ஓடுவது என்ற பொருளோடு 'வழி' என்ற பொருளும் உண்டு. பனி செல்லும் வழி, பனியாறு. பனிக்கட்டியாறு என்ற வடிவமும் புழங்குகிறது. பொருளில் அது இன்னும் துல்லியம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பனியாற்று ஏரி, பனியாற்றுப் படிவு, பனியாற்றியல் என்று கிளைவிட வேண்டிய சொல்லுக்குக் குட்டையான வேர் நல்லது.

கட்டியாக உறைந்தது எப்படி ஆறாக ஓடும்? சாலை போடும் இடத்தில் சாய்ந்து கிடக்கும் தார் டின்னைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் தட்டினால் தார் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதையே இரண்டு நாள் விட்டுவிட்டால், வாய் வழியே கறுப்பு நாக்கு ஒன்று மெல்ல நீண்டு தரையில் படிந்திருக்கும். பனிக்கட்டியும் அப்படித்தான். அவசரத்துக்கு உடையும், பொறுமைக்கு வளையும்.

உயரமான மலையில் விழும் பனி கோடையிலும் முழுதாக உருகாது. அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி, அதன்மேல் அதற்கடுத்த ஆண்டுப் பனி. அடியில் இருப்பது நசுங்கி, காற்றை இழந்து, முதலில் சர்க்கரைக் கட்டிபோல் மணல்மணலாகிறது. இதற்கு ஜெர்மன் பேசும் மலைக்காரர்கள் வைத்த பெயர் 'ஃபிர்ன்'. போன ஆண்டுடையது என்று பொருள். பழஞ்சோறு போல, 'பழம்பனி' என்று நாம் சொல்லலாமே. பழம்பனி மேலும் இறுகி நீலம் பாய்ந்த பனிக்கட்டியாகும். தடிமன் சுமார் 50 மீட்டரைத் தாண்டினால், அடியில் இருக்கும் பனிக்கட்டி தன்மேல் உள்ள பாரம் தாங்காமல் உருமாறி, சரிவின் பக்கம் நகரத் தொடங்கும். மேலே உள்ள படலம் மட்டும் கடினமாகவே இருப்பதால் இழுபட்டு விரிசல் விடும். மலையேறுபவர்களை விழுங்குபவை அந்த விரிசல்கள்தாம்.

இதோடு இன்னொரு நகர்வும் உண்டு. பாரம் அழுத்த அழுத்தப் பனிக்கட்டியின் உருகுநிலை சற்றே குறையும். பூமியின் சூடும் உராய்வும் சேர, அடித்தளத்தில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும். அதன்மேல் பனியாறு முழுவதுமே வழுக்குகிறது. பெரும்பாலான பனியாறுகள் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரைதான் போகும். நடுவில் வேகம், ஓரத்தில் மந்தம், நம் ஆறுகளைப் போலவே. சுவிட்சர்லாந்தின் உன்டெரார் பனியாற்றின் குறுக்கே லூயி அகாசி என்ற இயற்கை ஆய்வாளர் 1840களில் நேர்கோட்டில் நட்ட கம்புகள், பின்னர் வில்லாக வளைந்து நின்றன.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. 1820இல் மோன் பிளாங்க் ஏறிய ஒரு குழுவின் வழிகாட்டிகள் மூவர் பனிச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டு ஒரு விரிசலுக்குள் விழுந்து மறைந்தார்கள். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1842 முதல் மேர் தெ கிலாஸின் வேகத்தை அளந்தவர். அந்த வேகத்தை வைத்து, அந்த மூவரின் உடல்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் கீழே வெளிப்படும் என்றார். 1861இல் வெளிப்பட்டன, அதே போசோன் பனியாற்றின் கீழ்முனையில். ஏர் இந்தியா விமானத்தின் அஞ்சல் பை வந்ததும் இதே பாதையில்தான்.

இப்படி ஓடும் ஆறு நிலத்தை என்ன செய்யும்? வெறும் பனிக்கட்டிக்குக் கருங்கல்லைக் கீறும் வலு கிடையாது. அடியில் அகப்பட்ட கற்கள்தாம் கீறுகின்றன. தச்சர் மரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள்; தாள் பனிக்கட்டி, ஒட்டிய பொடி கற்கள். தேய்ந்த பாறையில் நேர்நேரான கீறல்கள் விழுகின்றன. தேய்த்த மாவு உருகும் நீரில் கலந்து அதைப் பால்போல் வெளுக்கச் செய்கிறது. அந்தக் கீறல்கள் எளிதில் அழிவதில்லை. வெயில் கொளுத்தும் ஒடிசாவின் தால்சேரில் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 1856இல் ஒரு பழங்காலக் கற்படுகையைப் பார்த்து, இது பனிக்கட்டி கொண்டுவந்து போட்டது என்றார்கள். இந்தியா தென்துருவப் பக்கம் கிடந்த, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தின் தடயம் அது.

நீராறு ஒடுக்கமாக அறுக்கும். பனியாறு அகலமாகச் சுரண்டும். அது போன பள்ளத்தாக்கைப் பாடப்புத்தகம் ஆங்கில எழுத்தை வைத்து 'யு வடிவம்' என்கிறது. நம் ப எழுத்தை எழுதிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், அடியில் தட்டையான தரை. சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு அச்சு அசலாக ப. அதன் பக்கச் சுவரின் மேல், சிறிய பனியாறு ஒன்று மேலோட்டமாகத் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தாக்கு அந்தரத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஸ்டாப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் விழுகிறது. 'தொங்கு பள்ளத்தாக்கு' என்ற தமிழ்ச்சொல் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. 'ப வடிவப் பள்ளத்தாக்கு' என்பதையும் பாடத்தில் சேர்த்தால் மாணவருக்குச் சட்டென்று விளங்கும்.

மலைத்தலையில் பனியாறு பிறக்கும் கிண்ணம்போன்ற குழிக்கு நம் புத்தகங்கள் 'சர்க்' என்கின்றன. மலையைக் குடைந்த கோயிலைக் குடைவரை என்கிற மொழிக்கு, 'பனிக்குடைவு' என்று சொல்ல வாய் கூசாது. 'மொரைன்' என்பது பனியாறு தள்ளிவந்து குவித்த கல்லும் மண்ணும். அந்தச் சொல்லுக்கு ஆல்ப்ஸின் சவாய் மலைநாட்டுப் பேச்சில் மண்மேடு என்றே பொருள். பனியாற்றுமேடு என்றால் போதும்.

தவறான சொல் செய்யும் கெடுதலுக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 7இல் உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது 'பனிப்பாறை வெடிப்பு' என்று கேட்டோம். பனியாறு குண்டுபோல் வெடிப்பதில்லை. அன்று நடந்தது, ரோன்டி சிகரச் சரிவிலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் மலையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கல்தான். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக்கில் நடந்தது வேறு: பனியாற்று ஏரி கரையுடைத்து, சுங்தாங்கில் இருந்த அணையையே கொண்டுபோனது. அதையும் வெடிப்பு என்றார்கள். ஏரி உடைந்தது, கண்மாய் உடைந்தது என்று மழைக்காலத்தில் ஊர்தோறும் சொல்கிறோம். 'பனியாற்று ஏரி உடைப்பு' என்றால் கரை, மண், நீர் மூன்றும் கண்முன் வந்துவிடுகின்றன.

பனிப்பாறை என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது. பனியாறு கடலைத் தொட்டு, நுனி முறிந்து மிதக்கிறதே, டைட்டானிக் மோதியதே, அதுதான் பனிப்பாறை.

இன்னொரு சொல், 'பின்வாங்குகிறது'. கங்கோத்ரி பனியாறு ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் பின்வாங்குகிறது என்று படித்ததும், அது மலைமேல் திரும்பி ஏறுவதாகத் தோன்றும். பனிக்கட்டி ஒருநாளும் பின்னால் போவதில்லை. இந்த நிமிடமும் கீழே வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்து சேர்வதைவிட நுனியில் உருகுவது அதிகம். காவிரிப் பாசனத்தில் நீர் குறைந்தால் ஆறு பின்வாங்கியது என்று யாரும் சொல்வதில்லை, கடைமடைக்கு வரவில்லை என்கிறோம். பனியாற்றுக்கும் இதுதான் நடக்கிறது: அதன் கடைமடை ஆண்டுதோறும் மேலே தள்ளிப்போகிறது.

கங்கோத்ரி பனியாற்றின் அந்தக் கடைமடையை வடநாட்டில் கோமுக் என்கிறார்கள், பசுவின் முகம். நம் கோயில்களில் கருவறை அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகியும் அதே சொல்தான். வழியில் தங்குமிடமான போஜ்பாசாவிலிருந்து கோமுக்குக்கு நடப்பவர்கள் வழியெல்லாம் பெரிய பெரிய கற்குவியல்களில் ஏறி இறங்குகிறார்கள். அவை பனியாறு சுமந்து வந்து, நுனி உருகிய இடத்திலெல்லாம் இறக்கிவைத்தவை. முன்பு பனியாறு அந்த இடம்வரை வந்தது.