ரேங்கிங் – தரவரிசை

செம்பனை சாய்க்கப்பட்ட நிலத்தில் தனியார் கோல்ஃப் கிளப் வரப்போகிறது என்றால், உறுப்பியம் (மெம்பர்ஷிப்) விற்க வருபவர் வாயில் முதலில் வரும் சொல் 'ரேங்கிங்'. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணங்களில் இதை 'நம்பர்' என்றும் 'ரேட்டிங்' என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். மூன்றும் ஒன்றல்ல.

'ரேங்க்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் ஜெர்மானிய வேருக்கு வளையம் என்று பொருள். 'ரிங்' அதே வேரில் கிளைத்தது. பிறகு ஆட்கள் நிற்கும் வரிசையைக் குறித்து, அதன்பின் பதவியையும் படிநிலையையும் குறித்தது. முதல் பொருளுக்குத் தோட்டப் பேச்சில் நேர்ச்சொல் உண்டு: நிரை. ஆனால் ரப்பர்க் காட்டு நிரையில் முதல் மரம் உசத்தி, கடைசி மரம் மட்டம் என்று கிடையாது. உயர்வு தாழ்வைச் சுமக்கும் சொல் 'வரிசை'தான். சீர்வரிசையில் இன்றும் அந்த மரியாதைப் பொருள் இருக்கிறது. புறநானூறு 121இல் கபிலர், அள்ளிக் கொடுப்பது எளிது, 'வரிசை அறிதலோ அரிதே' என்று மலையமான் திருமுடிக்காரியிடம் சொல்கிறார். ஆகவே 'தரவரிசை' பொருத்தமான சொல். யாரோ ஒருவர் பார்த்துக் கொடுப்பது அது என்ற உண்மையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

'கோர்ஸ் ரேட்டிங்' வேறு. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறமை கூடும்) சுழியமாக உள்ள ஆட்டக்காரர் அந்தத் திடலில் பந்தை எத்தனை முறை அடித்து முடிப்பார் என்பதற்கான எண் அது. அதோடு வரும் 'ஸ்லோப்', அவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்குத் திடல் எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைச் சொல்லும் எண்: 55 முதல் 155 வரை, நடுநிலை 113. இவை திடலின் கடினத்தைச் சொல்பவை. 'கடினமதிப்பு' என்று எழுதலாம். ஸ்லோப் 140 என்றால் திடல் சிறந்தது என்று பொருளல்ல.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. கோல்ஃப் டைஜஸ்ட் இதழ் 1966இல் முதலில் வெளியிட்டது அமெரிக்காவின் மிகக் கடினமான 200 திடல்களைத்தான். 'தலைசிறந்த 100' பின்னால் வந்தது. இன்று அதன் மதிப்பீட்டாளர்கள் சவால், அமைப்பின் பன்மை, அழகு, பராமரிப்பு போன்ற தலைப்புகளில் 1 முதல் 10 வரை புள்ளி போடுகிறார்கள். பட்டியலின் நடுப்பகுதியில் தசமத்தில் ஒரு சிறு வேறுபாடு ஒரு திடலைப் பல இடம் தள்ளிவிடும்.

புதுக் கிளப்புக்குத் தரவரிசை பிழைப்பு. திறக்கும் முன்பே உறுப்பியம் விற்றுத்தான் பணம் புரட்டுகிறார்கள். பழைய கிளப்புக்கு உறுப்பினரும் பெயரும் ஏற்கெனவே உண்டு. புதியதற்குப் பட்டியல்தான் சாட்சி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆளரவமற்ற மணல்மேட்டில் 1995இல் திறந்த சேண்ட் ஹில்ஸ் கிளப், வரிசையின் மேலே ஏறியது; அதற்குத் தொலைவிலிருந்தும் உறுப்பினர் உண்டு.

தவறு நடப்பது அவசரத்தில். கடன் வட்டி ஓடுகிறதென்று, புல் வேரூன்றும் முன்பே மதிப்பீட்டாளரை அழைத்துவிடுகிறார்கள். புது கிரீனில் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையில்) புல்லுக்கு அடியில் காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்த மெத்தைப் படலம் இருக்காது. பந்து விழுந்ததும் துள்ளி ஓடும். நம் ஊர் மழையில் இறுகாத சரிவு அரித்து, பங்கர் எனும் மணற்குழியின் மணல் வழிந்து, வடிகால் அடைபடும். பராமரிப்புப் புள்ளி அங்கேயே போய்விடும். குறைந்தபட்ச எண்ணிக்கையில் மதிப்பீடு சேராவிட்டால் பட்டியலில் இடமே இல்லை. அதற்காக மதிப்பீட்டாளர்களுக்கு அடிக்கடி கதவைத் திறந்தால், அமைதிக்காகப் பணம் கட்டிய உறுப்பினர் முகம் சுளிப்பார். 'சிறந்த புதிய திடல்' விருதும் ஒரு திடலுக்கு ஒருமுறைதான் வாய்க்கும்.

பராமரிப்புப் புள்ளி விடியுமுன் கிரீன் வெட்டுபவரின் கையில் இருக்கிறது. பட்டியலில் வடிவமைப்பாளர் பெயர் வருகிறது; புல் வெட்டுபவர் பெயர் வருவதில்லை. அது சரியல்ல.

விளம்பரத்தில் 'ரேங்கிங்' கண்டால் எந்த இதழ், எந்த ஆண்டு, உலகப் பட்டியலா நாட்டுப் பட்டியலா, புதிய திடல் பிரிவா என்று கேளுங்கள். மலேசியாவில் உரிமையாளர் நடத்தும் கிளப்பின் உறுப்பியம் 2016ஆம் ஆண்டின் 'இன்டரெஸ்ட் ஸ்கீம்ஸ்' சட்டத்தின் (Interest Schemes Act) கீழ் வருவது. அறக்கட்டளைப் பத்திரத்தையும் (டிரஸ்ட் டீட்) உறுப்பியத்தைப் பிறர் பெயருக்கு மாற்றும் கட்டணத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தரவரிசை அந்தப் பத்திரத்தில் இருக்காது.