அந்த இரண்டாவது கட்டத்தை டிக் செய்யாதீர்கள்

பில்லிங் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று கடைகளிலிருந்து அழைப்பு வந்தால், நான் தவறாமல் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்கின் பெயரைத் திறந்தால் 'பாலிசீஸ்' என்ற பகுதி வரும். அதில் இரண்டு கட்டங்கள். முதலாவது, டிஸ்கின் 'ரைட் கேஷை', அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சிறு நினைவகத்தை, இயக்குவது. இரண்டாவது, கேஷில் இருப்பதை உடனே டிஸ்கில் நிரந்தரமாக இறக்கி வை என்று விண்டோஸ் அனுப்பும் கட்டளையையே நிறுத்திவிடுவது. வேகம் கூட்டித் தருவதாக வந்த யாரோ இரண்டையும் டிக் செய்துவிட்டுப் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் கட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகிறது. பில் ஒவ்வொன்றும் டிஸ்குக்குள் சுழலும் தட்டில் பதியும்வரை காத்திருந்து அடுத்ததை எழுதினால், வினாடிக்கு ஏறத்தாழ 120 பதிவுகளோடு நின்றுவிடும். அதனால்தான் டிஸ்க் தன் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று முன்கூட்டியே பதில் சொல்கிறது. மின்சாரம் போனால் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும்.

உண்மையான ஆபத்து வரிசை குலைவதில் இருக்கிறது. பில்களையும் கணக்கையும் சேமித்து வைக்கும் மென்பொருளான டேட்டாபேஸ், எதையும் மாற்றுமுன் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று லாக் கோப்பில் எழுதி, அது தட்டில் இறங்கியதை உறுதி செய்த பிறகே கணக்கில் கை வைக்கும். இறக்கி வைக்கும் கட்டளை போய்ச் சேராவிட்டால், டிஸ்க் தன் வசதிக்கேற்ற வரிசையில் எழுதும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் கணக்குப் பக்கம் பாதி மாறியிருக்கும், அதைச் சரிசெய்ய உதவும் லாக் இருக்காது. கடைசி பில் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கோப்பே திறக்காமல் போனால் வருடக் கணக்கு முழுவதும் போய்விடும். டிஸ்குக்குத் தனி மின்வசதி இல்லாவிட்டால் இதைத் தேர்வு செய்யாதீர்கள் என்று அந்தக் கட்டத்தின் கீழேயே எச்சரிக்கை இருக்கிறது. தயவுசெய்து அதைப் படியுங்கள்.

'யூ.பி.எஸ். இருக்கிறதே' என்பார்கள். தெருவில் மின்சாரம் போனால் அது காப்பாற்றும், அதுவும் பேட்டரி நன்றாக இருந்தால். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பழுதானாலோ, பெருக்கும்போது வயர் கழன்றாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சர்வரில் ரெய்டு கார்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும், சொந்த கேஷ் உள்ள அட்டை) இருந்தால் அதன் பேட்டரியையும் கவனியுங்கள். பேட்டரி செத்தால் பல கார்டுகள் கேஷைக் கைவிட்டு நேரடியாக டிஸ்கில் எழுதத் தொடங்கும், சர்வரும் திடீரென மந்தமாகும். பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் கேஷைப் பயன்படுத்து என்ற தெரிவின் பக்கம் போகவே வேண்டாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்குக்கும் இதே கவலை உண்டு. மின்சாரம் நின்றபின் கேஷை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் சர்வர் ரகங்களில்தான் இருக்கும், வீட்டு ரகங்களில் அரிது.

வேகம் வேண்டும் என்றால் அதை டேட்டாபேஸிடம் கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 'சிங்க்ரனஸ் கமிட்' அமைப்பை அணைத்தால், விபத்தில் கடைசிச் சில பதிவுகள் போகலாம், ஆனால் மீதிக் கணக்கு குலையாது. அதே போஸ்ட்கிரெஸில் 'எஃப்சிங்க்' அமைப்பை அணைப்பது அந்த இரண்டாவது கட்டத்தை டிக் செய்வதற்குச் சமம். இரண்டும் ஒரே அமைப்புக் கோப்பில்தான் இருக்கின்றன. எதை அணைக்கிறீர்கள் என்று பெயரை இருமுறை படித்துவிட்டு மாற்றுங்கள்.