முள் நடுவில்தான் நின்றது, கியர்பாக்ஸ் வெந்துவிட்டது

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் இருக்கிறேன். வெயில் தணிந்து நவம்பர் பிறந்துவிட்டால் எங்களுக்கு சீசன். விடுமுறை நாளில் எல்லோரும் பதாயர், மலீஹா பக்கம் மணலுக்குப் போவார்கள். திங்கட்கிழமை காலை ரெக்கவரி லாரிகள் எங்கள் வாசலில் வரிசை கட்டும்.

போன சீசனில் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் வந்தார். பழைய பெரிய எஸ்யூவி ஒன்றை ஆசையாக வாங்கி, முதல் முறையாக மணலில் இறக்கியிருக்கிறார். மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு கியர் போட்டாலும் வண்டி நகரவில்லை. ஆயில் பேனைக் கழற்றினால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருப்பட்டிப் பாகு போல வடிகிறது. நாற்றம், அடிப்பிடித்த பால்தான்.

"அண்ணே, டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன். நடுவுலயே நின்னுச்சு, ஏறவே இல்லை" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த முள் காட்டுவது இன்ஜின் கூலன்ட்டின் சூட்டை. கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பெரும்பாலான வண்டிகளில் முள்ளே கிடையாது. ஒரு விளக்கு இருக்கும், அது எரியும்போது பாதி சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு டேபிள் ஃபேன் கதையைத்தான் சொல்வேன். இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நடப்பதும் அதுதான், காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜின் பக்கத்து இறக்கை வேகமாகவும் சக்கரத்தின் பக்கத்து இறக்கை மெதுவாகவும் சுற்றினால், இடையில் வீணாகும் சக்தி முழுக்கச் சூடாக ஆயிலில் இறங்குகிறது. ஹைவேயில் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பிரச்சினை இல்லை. மணலில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது லாக்-அப் பிடிக்காது. அப்போது கியர்பாக்ஸ் ஒரு ஹீட்டர்தான்.

பட்டறையில் ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று செய்வோம். பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி-யில் (முன்னே போகும் டிரைவ்) போட்டு, முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்ப்பது. 5 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்வீஸ் புத்தகங்களே எச்சரிக்கும். மணலில் டயர் புதைந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருப்பவர் அதே டெஸ்ட்டை அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று செய்துகொண்டிருக்கிறார்.

ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டினால் ஆயில் கெட்டு வார்னிஷ் மாதிரி உள்ளே படியத் தொடங்கும், போகப்போக சீல்கள் இறுகும். 150-ஐ நெருங்கினால் கிளட்ச் பிளேட்டே கருகும். ஏறக்குறைய 11 டிகிரி ஏறினால் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு.

சரி, என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எக்ஸ்ட்ரா கூலர் போடலாமா?" என்றுதான். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கும் கூலர்தான் அது. போடலாம், அதில் எனக்கும் வருமானம். ஆனால் டயரில் 35 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கும் வண்டிக்கு எந்தக் கூலரும் உதவாது. 15-க்கு இறக்குங்கள். டயர் அகன்று மணல் மேலேயே மிதக்கும், இழுக்க வேண்டிய பாரம் சட்டென்று குறையும். பைசா செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ யாரும் இதை மதிப்பதில்லை.

அடுத்தது ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் குறைந்த வேகத்தில் அதிக பலத்தோடு இழுக்கும் லோ ரேஞ்ச். அதைப் போட்டால் வண்டி கஷ்டப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். பல பெரிய எஸ்யூவிகளில் லோ ரேஞ்ச் இழுவிசையை இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தட்டப் பெருக்குகிறது. கன்வெர்ட்டர் அவ்வளவு வழுக்க வேண்டியதில்லை, சூடும் குறைகிறது. மணலில் ஓட்டம் வேண்டும்தான். லோவில் இரண்டாம், மூன்றாம் கியரில் அந்த ஓட்டம் கிடைக்கும்.

அப்புறம், மாட்டிக்கொண்டால் டி, ஆர் (ரிவர்ஸ்), டி, ஆர் என்று ஆட்டாதீர்கள். இறங்கி மண்வெட்டியால் டயருக்கு முன்னும் பின்னும் தோண்டுங்கள், வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

சூட்டு விளக்கு எரிந்தால் பதற்றத்தில் இன்ஜினை அணைப்பவர்கள் அதிகம். அணைத்தால் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் நிற்கும், கொதிக்கும் ஆயில் அங்கேயே தேங்கும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். 1,200 ஆர்பிஎம் அளவில் வைத்தால் ஆயில் கூலருக்குப் போய்த் திரும்பும். ஏசியை அணைத்தால் இன்னும் நல்லது. பின்சீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஃபக்கானுக்கு டிரெய்லரில் ஜெட்ஸ்கி இழுத்துப் போகிறவர்களின் சிக்கல் வேறு. மலை ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவும், ஒவ்வொரு தாவலிலும் லாக்-அப் விட்டுவிடும். பாரம் இழுக்கும்போது போடும் டோ மோட் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் மேனுவலில் ஒரு கியர் குறைத்துப் பிடித்து வையுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், ஆனால் ஆயில் குளிர்ச்சியாக இருக்கும்.

"இது லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மணலில் ஓட்டுபவர்களுக்கு நான் 40,000 என்பேன். பால் கலந்த ரோஸ்மில்க் மாதிரி ஆயில் தெரிந்தால் அது வேறு வியாதி. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டி வராதீர்கள், லாரியில் ஏற்றி அனுப்புங்கள். சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்கு ஆயில் போகாது.

அந்தத் தம்பியின் கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தோம். ஜனவரியில் மறுபடி வந்தார், ஆயில் பார்க்க. ஓபிடி பிளக்கில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகி, போனில் கியர்பாக்ஸ் சூட்டைப் பார்த்து ஓட்டுகிறாராம். மணல் மேட்டில் எடுத்த படத்தைக் காட்டினார், 98 டிகிரி. டயருக்குத் திரும்பக் காற்றடிக்கும் கம்ப்ரசரைத்தான் இன்னும் வாங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் நண்பரிடம் கடன் வாங்குகிறார்.