ஷாஃப்டுக்கு வீட்டு உத்தரம் வேண்டாம்

பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த ஆயினித் துண்டையோ தேக்குக் கட்டையையோ தூக்கிக்கொண்டு வந்து, "வைரம் பாஞ்ச மரம்ணே, இதுலயே பூல் க்யூ முழுசா கடைஞ்சு தாங்க" என்று என்னிடம் கேட்பது நிற்கவே மாட்டேன் என்கிறது. க்யூ என்பது பூல் டேபிளில் பந்தை அடிக்கிற கோல். தக்கலையிலிருந்து வந்தாலும் மார்த்தாண்டத்திலிருந்து வந்தாலும் இதே பேச்சுதான்.

கையில் பிடிக்கிற அடிப்பாகத்துக்கு அந்த மரத்தைத் தாராளமாகக் கொடுங்கள், அழகாக வரும். பந்தை அடிக்கிற முன்பாகமான ஷாஃப்டுக்கு வேண்டாம். உத்தரம் பாரம் தாங்கணும். ஷாஃப்ட் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. அதற்கு வேண்டியது விறைப்பும், நுனியில் கனக்குறைவும். வெள்ளைப் பந்தை நடுவை விட்டு ஓரத்தில் அடிக்கும்போது, ஷாஃப்டின் கடைசி ஒரு சாண் எவ்வளவு கனமோ அதற்கேற்பப் பந்து குறியிலிருந்து விலகிப் போகும். மரம் வைரம் பாய்ந்தது என்பது மட்டும் இதற்கு உதவாது. தேக்கில் ஒரு தொல்லையும் உண்டு: எண்ணெய்ப்பசையால் நுனியில் மாட்டுகிற ஃபெரூல் என்கிற சிறு உறைக்குப் பசை சரியாகப் பிடிக்காது.

இதற்கு ஏற்றது வட அமெரிக்க ஹார்ட் மேப்பிள். நம் ஆசாரிமார் 'வெள்ளை' என்று செதுக்கித் தள்ளுகிற வெளிப்பாகம்தான் மேப்பிளில் ஷாஃப்டாகிறது. ரேகை அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடணும். நடுவில் ஓரத்துக்கு விலகினால் அந்த இடத்தில் கோடும், அதாவது வளைந்துவிடும்.

அடுத்தது அவசரம். "பத்து நாள்ல மேட்ச்" என்றால் ரெடிமேட் க்யூ வாங்கிக்கொள்ளுங்கள். 6–8 சதவீத ஈரத்தோடு வரும் மேப்பிள், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுகிற நம் கடற்கரையில் 15 சதவீதம் வரை ஈரம் குடிக்கும். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் இது. அதனால் கொஞ்சம் கடைந்து, செங்குத்தாகத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் ஆறவிட்டு, கோடாததை மட்டும் எடுத்து மறுபடி கடையணும். மாதங்கள் ஆகும், தயவுசெய்து பொறுங்கள்.

சொல்ல வேண்டிய அளவு நாலைந்துதான். நீளம் 58 அங்குலம், எடை 19 அவுன்ஸ், நுனி 13 மில்லிமீட்டர் என்று தொடங்கினால் பலருக்கும் பொருந்தும். அடியில் உள்ள எடை போல்ட்டை மாற்றி எடையைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டாவது ஷாஃப்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நண்பரின் ஷாஃப்டை மாட்டிப் பார்க்க வேண்டாம்: அடிப்பாகத்தையும் ஷாஃப்டையும் இணைக்கிற திருகான பின்னில், 5/16 அங்குல அளவிலேயே அங்குலத்துக்கு 14 மரை உள்ளது ஒன்று, 18 மரை உள்ளது ஒன்று. முறுக்கித் திணித்தால் மரை போய்விடும்.

வாங்கியபின் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கார் டிக்கியில் விடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஷாஃப்ட் பிசுபிசுத்தால் உப்புத்தாள் போடாதீர்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அந்த 13 மில்லிமீட்டரில் கொஞ்சம் குறையும், போனது திரும்பாது. உலர்ந்த துணியால் விரல் சூடு தெரிகிறவரை தேய்த்தாலே போதும்.

கோடிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் வெயிலில் காயவைத்து, முட்டியில் வைத்து வளைக்க வேண்டாம். அடிப்பாகத்தையும் ஷாஃப்டையும் கழற்றித் தனித்தனியே டேபிளில் உருட்டுங்கள். இரண்டும் ஒழுங்காக உருண்டு, சேர்த்து உருட்டும்போது மட்டும் நுனி குதித்தால் பிழை இணைப்பு முகத்தில்தான். மரத்தைத் தொடாமல் அப்படியே கொண்டுவாருங்கள், கடைசலில் முகத்தைச் சீவிச் சரிசெய்துவிடலாம்.